வீட்டில் எத்தனை பேர்

எங்கள் கடையில் ஐந்து வகைக் கூடைகள் உண்டு.
ஆணி, பூட்டு, குழாய் வாஷர் எல்லாம் தாண்டி
பின்சுவரோரம், ஏணிக்கு அடியில்.
எச்சில் தொட்டி என்பார் முதலாளி.
நான் அப்படிச் சொல்வதில்லை. விற்காது.

வருகிறவர்கள் முதலில் கேட்பது
நாறுமா என்று.
நாறும், என்பேன்.
அதன்பிறகுதான் பேச்சு சுலபமாகிறது.

இறுக்கமான மூடி கேட்பார்கள்.
இறுக்கி மூடினால் உள்ளே வியர்க்கும்.
மக்கும் பை ஓர் அவசரக்குடுக்கை,
வெங்காயச் சருகுக்கு முன்னால் தான் மக்கிவிடும்.
முற்றத்துப் பழுப்புத் தொட்டிக்கு நான்கு மாடி இறங்குவதற்குள்
அடி கழன்று
காபிச் சக்கை அத்தனையும் உங்கள் செருப்பில்.
உடம்பெல்லாம் ஓட்டை போட்ட இதை எடுங்கள்,
மூச்சு விடட்டும், என்று காட்டுவேன்.
ஓட்டைக்குக் காசு கொடுக்க யாருக்கு மனசு வரும்?
ஸ்டீல் வாளியைத் தடவிப் பார்க்கிறார்கள்.
அதில் அவர்கள் முகம் தெரிகிறது.

கடைசியாக நான் கேட்பேன்:
வீட்டில் எத்தனை பேர்?
அளவுக்காகக் கேட்பதுதான்.
ஒருவருக்கு மூன்று லிட்டர், இருவருக்கு ஏழு,
நாலு பேர் என்றால் பத்து.
சிலர் விரல்விட்டு எண்ணுவார்கள், நாயையும் சேர்த்து.
பல் மருத்துவரின் மனைவி புருஷனைத் திரும்பிப் பார்த்து
‘நீ இனிமேல் ராத்திரி சாப்பிட வருவாயா?’ என்றாள்.
ஏழு லிட்டர் வாங்கிப் போனார்கள், பேசாமல்.

நவம்பரில் ஒரு சனிக்கிழமை
டிராம் ஓட்டும் டல்மாசோ சீருடையோடு வந்தார்.
எத்தனை பேர், என்றேன்.
ஒன்று, என்றார்.
மூன்று லிட்டரைக் கீழே இறக்கும்போது
திருத்தினார்:
ஒன்றே அரைக்கால்.

மகளாம். ஜினெவ்ரா. பதினொரு வயது.
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம்
வெள்ளி மாலை வருவாள், ஞாயிறு மாலை போய்விடுவாள்.
மற்ற நாளெல்லாம் சேர்த்து நான் போடுவது
இவ்வளவுதான், என்று கையைக் குவித்தார்:
முட்டை ஓடு, சக்கை, காய்ந்த ரொட்டி முனை.
கணக்குப் போட்டேன். மூன்று லிட்டரே மிச்சம்.
பில் கிழித்துக் கொடுத்தேன்.

பதினைந்து நாள் கழித்து, திங்கட்கிழமை, மறுபடி வந்தார்.
பாவித்த கூடையை
நாங்கள் திருப்பி எடுப்பதில்லை என்று
வாய்வரை வந்தது.
அவர் கையில் எதுவும் இல்லை.
மூடி மூடவில்லை, என்றார்,
பரிசுச் சீட்டு விழுந்தவர் மாதிரி.
மாதுளையைப் பிரித்தாளாம், பாதிதான் தின்றாளாம்.
ஏழு ஆரஞ்சின் தோல்.
சூப்பில் போட்ட செலரி ஒன்றுவிடாமல் தட்டோரம்.
பூசணியின் குடலை இரண்டு பேருமாக வழித்தெடுத்து
அமுக்க, அமுக்க,
மூடி தலையைத் தூக்கிக்கொண்டே நின்றதாம்.

பத்து லிட்டர் கொடு, ஓர்னெல்லா.

அது நாலு பேருக்கு, நிரம்புவதற்குள் நாறும், என்றேன்.
தெரியும், என்றார்.
சின்னது அந்தப் பன்னிரண்டு நாளுக்கு.
சில்லறை வாங்கும்போது, நீ என்ன அளவு வைத்திருக்கிறாய்,
என்று கேட்டார்.
என்னை அதுவரை யாரும் கேட்டதில்லை.
அடுத்த வாரம் பைகளுக்குத் தள்ளுபடி இருக்கிறது,
என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் வீடு நான் இறங்கும் நிறுத்தத்துக்கு எதிரே.
மூன்றாம் மாடி பால்கனிக் கம்பியில்
அந்தப் பச்சைக் கூடை
கழுவிக் கவிழ்த்துக் கிடக்கும்,
எதையோ பிடித்துவைத்த பானை மாதிரி.
ஒரு வாரம் விட்டு ஒரு வாரம், வெள்ளிக்கிழமை,
நான் கடை பூட்டி வருவதற்குள் அது அங்கே இருக்காது.
உள்ளே மஞ்சள் விளக்கு எரியும்.

நேற்று வெள்ளி.
கூடை கவிழ்ந்தபடியே இருந்தது, மேலே மழைத்தண்ணீர்.
எந்த வாரம் என்பதில்
எனக்குத்தான் கணக்குத் தப்பியிருக்க வேண்டும்.